அய்யா எனக்குக் கொடுத்த படம்

என் கேமராவுக்குச் சாவி கொடுக்க வேண்டும். பழைய அலாரம் கடிகாரத்துக்குக் கொடுப்போமே, அந்த மாதிரி. அடியில் உருண்டையாக ஒரு திருகு இருக்கும். அதை இறுக முறுக்கி வைத்துவிட்டால், பொத்தானை அமுக்கும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்று தானே பிலிமை நகர்த்திக்கொண்டு அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். பேட்டரி கிடையாது. சோப்பு டப்பா அளவுதான். ஜப்பானில் செய்தது, நான் பிறப்பதற்கு முன்பே செய்வதை நிறுத்திவிட்டார்கள். முன்பக்கத் தகட்டில் இதழ் இதழாக ஒரு பூ செதுக்கியிருக்கும். அந்தத் தகடு போட்டது மிகவும் அபூர்வம். இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அதை ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்கக் கடல் தாண்டி வருவார்கள்.

எனக்குப் பிடித்தது முற்றிய கிறுக்கு. ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. பகல் முழுக்க ஊரார் எலும்பைப் படம் எடுத்துவிட்டு, சம்பளம் வந்ததும் பழைய பிலிம் கேமராக்களைத் தேடி அலைவேன். “ஊரு உலகத்துல பொம்பளப் புள்ளைக நகை சேக்கும், இது டப்பா சேக்குது” என்று என் அண்ணன் மனைவி, மதினி, தலையில் அடித்துக்கொள்வார். எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் கேமரா வைத்திருப்பதே ஒரு தவம். லென்சுக்குள் பூசணம் பூத்துவிடும், திருகுகள் துருவேறி இறுகிவிடும். இந்தக் கேமராவுக்கு அதற்கும் மேலே ஒரு நோய் உண்டு. வெளிச்சத்தை அளக்கும் கண் ஒன்று அதன் நெற்றியில் இருக்கிறது. சும்மா வெளிச்சத்திலேயே கிடந்தால் அந்தக் கண் செத்துப்போகும். அதனால் எக்ஸ்ரே பிலிம் சுற்றி வருகிற கருப்பு உறைக்குள் போட்டு, அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தேன். கைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அது கிடைத்தது ஒரு பழைய இரும்புக் கடையில். கப்பலில் வேலை பார்த்த ஒருவருடைய வீட்டைக் காலி செய்து கொண்டு வந்து கொட்டிய சாமான்களுக்கு நடுவே, பழைய பூட்டும் சாவியுமாக நிறைந்து கிடந்த பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. தகட்டில் இருந்த பூவைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வெளியே காட்டினால் கடைக்காரர் உஷாராகிவிடுவார் என்று மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு, டின்னோடு எடை போடச் சொல்லி வாங்கிவந்தேன். விடுதிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவள் ஒருத்திதான். என் அறைத் தோழி.

அவளைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அது. அவளுக்கு ஊர் சிக்கல் பக்கம், மிளகாயும் நெல்லும் போடுகிற சம்சாரி வீடு. ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். “ஊரே சிக்கல், பொண்ணு எப்படி இருக்கும் பாத்துக்க” என்று அவள் வந்த அன்றைக்கே விடுதி வார்டன் கேலி பண்ணினார். நான் சிரித்தேன். அப்போது அது வெறும் கேலிதான். அவள் இருக்கிற இடத்தில் மனுசர் வாய் மூடி இருக்க முடியாது, சிரிக்க வைத்துவிடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கு லீவு போட்டுக் கஞ்சி காய்ச்சுவாள். என் கிறுக்கைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆளும் அவள்தான். கொஞ்ச நாளில் என்னைவிட அவளுக்கு அந்தக் கிறுக்கு அதிகமாகப் பிடித்துக்கொண்டது.

இந்தக் கேமராவில் இன்னொரு விசேஷம் உண்டு. மற்ற கேமராக்களில் ஒரு படம் விழுகிற இடத்தில் இதில் இரண்டு படம் விழும். பக்கத்தில் பக்கத்தில், நெட்டுக்குத்தாக, பாதி பாதியாக. சென்னை லேபுக்கு அனுப்பினால் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதைப் பார்த்து நாங்கள் ஒரு விளையாட்டு கட்டினோம். முதல் பாதி நான் எடுப்பேன், கேமராவை அவள் கையில் கொடுப்பேன், அடுத்த பாதி அவள் எடுப்பாள். “ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு” என்பாள். நான் உப்பூரில் பிள்ளையார் கோயிலுக்கு வெளியே செருப்புகளை எடுத்தால், அவள் அந்தச் செருப்புகளைத் தேடுகிற சாமியாரை எடுப்பாள். நான் திருவாடானைக் கோயில் கோபுரத்தை எடுத்தால், அவள் அதன் நிழலில் தூங்குகிற ஆட்டை எடுப்பாள். ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்பதுதான் ஒரே சட்டம். எது யார் எடுத்தது என்று வெளியாளுக்குச் சொல்லவும் கூடாது. கேமரா என்னிடம் இருக்கும், நெகட்டிவ்களைச் செருகி வைக்கிற பைலும் லேபிலிருந்து ஸ்கேன் வருகிற மெயிலும் அவளிடம் இருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரித்ததுபோல் அழகாகப் பிரித்துவைத்திருந்தோம்.

இனி அய்யாவின் கதை.

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில். அய்யா என்றால் என் அப்பா, விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்வந்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருதடவை, எல்லை தாண்டி வந்துவிட்டார்கள் என்று அந்தக் கரைக்காரர்கள் படகோடு பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தீவில் இது எல்லா வீட்டுக் கதையும்தான். பல மாதம் கழித்து விட்டார்கள். திரும்பி வந்தவர், அங்கே அடித்தார்களா, சோறு போட்டார்களா என்று எதையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார், அதுவும் ஒரே ஒரு தடவை.

“கையில ஒரு சிலேட்டக் குடுத்து நெஞ்சுக்கு நேரா பிடின்னான். அதுல ஒரு நம்பரு. முன்னால ஒண்ணு, சைடுல ஒண்ணுன்னு எடுத்தான். கள்ளனையும் செத்தவனையுந்தான் அப்படி நிறுத்தி வச்சு எடுப்பாங்க.”

அதற்குப் பிறகு அய்யா எந்தக் கேமரா முன்னாலும் நின்றதில்லை. அண்ணன் கல்யாண ஆல்பத்தில் தேடினால் பந்தி பரிமாறுகிற கூட்டத்தில் ஒரு முதுகாகத்தான் இருப்பார். எங்கள் கிறிஸ்தவச் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடக்கத்துக்கு எடுத்துப் போகும் முன் மாதா கோயில் வாசலில் சவப்பெட்டியை வைத்து, குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வோம். அம்மா இறந்தபோது நாங்கள் எல்லோரும் நின்றோம். பங்குச் சாமியார்கூட வந்து கூப்பிட்டுப் பார்த்தார். அய்யா மாட்டேன் என்று கொடிமரத்துப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் படத்தில் அம்மாவின் தலைமாட்டில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. ஆதார் அட்டைக்கு மட்டும் வேறு வழியில்லாமல் போனார். போன இடத்தில் சரியாக ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிவிட்டார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த, அங்கே படம் எடுக்கிற பிள்ளை, கண் பாதி மூடியிருந்த ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டது.

அந்த ஆதார் படம்தான் கடைசியில் அவரை மசியவைத்தது. எங்கள் பக்கம் யாராவது இறந்துபோனால், விடிவதற்குள் பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். அய்யாவோடு படகில் போய்வந்த ஒருவர் தவறிவிட்டார். வீட்டில் வேறு படம் இல்லாததால் அவருடைய ஆதார் படத்தையே ஊதிப் பெரிதாக்கி ஒட்டிவிட்டார்கள். அய்யா அதைப் பார்த்துவிட்டு வந்து ரெண்டு நாள் புலம்பினார்.

“பாவிப் பயலுக, நல்ல மனுசன பேய் மாதிரி ஆக்கி ஒட்டிட்டாய்ங்க. எனக்கும் இதத்தான செய்வீக?”

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தோழியும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் மாதம் ஒருதடவையாவது வருவாள். முதல் தடவை வந்தபோது நண்டைப் பார்த்து மிரண்டவளுக்கு, கொடுக்கை எப்படி உடைக்க வேண்டும், சதையை எப்படி உறிஞ்ச வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தவர் அய்யா. கெட்டியான கொடுக்கை அவரே உடைத்து அவள் தட்டில் வைப்பார். என் தட்டில்கூட வைத்ததில்லை. “சம்சாரி வீட்டுப் புள்ள, வாய்க்கு ருசியா நாலு வாய் திங்கட்டும்” என்பார்.

பூசை முடிந்து வந்து, சாப்பாடும் முடிந்தது. பின்வாசலில் தென்னை நிழலில் உட்கார்ந்து அவள் கேமராவுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். அய்யா எட்டிப் பார்த்தார்.

“என்னாத்தா இது, கடியாரத்துக்குக் குடுக்குற மாதிரி சாவி குடுக்குற?”

“கேமராங்கய்யா. இப்படித்தான் ஓடும்.”

“எடுத்த படம் எங்கன தெரியும்?”

“தெரியாதுங்கய்யா. மெட்ராசுக்கு அனுப்பி, கழுவி வந்தாத்தான் தெரியும்.”

அய்யாவுக்கு அது பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. உடனே தெரியாத படம், உடனே யாரும் பார்த்துவிட முடியாத படம். கொஞ்ச நேரம் தென்னையைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, கடையில் உப்பு வாங்கி வா என்பது போலச் சொன்னார்:

“ஒண்ணே ஒண்ணு எடு. நீ எடு. பெட்டிக்குத் தலமாட்டுல வைக்க ஒண்ணு வேணும்ல. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். நான் செத்த பெறகுதான் வெளிய எடுக்கணும். அதுவரைக்கும் ஒரு குஞ்சு கண்ணுல படக் கூடாது.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. வெள்ளைப் பனியனோடு, ஈரத் தலையை விரலாலேயே வகிடு எடுத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடம்பு கட்டையாக விறைத்துப்போனது. கண் இமை துடித்தது. இதுவும் ஆதார் படம் மாதிரியே ஆகிவிடும் என்று பயந்து, வேலை செய்கிற இடத்தில் சொல்கிற அதே பழக்கத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க… அசையாதீங்க…”

“ஏத்தா, நெஞ்சுச் சளியவா படம் எடுக்குற?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அமுக்கினேன். கிர்ர் என்றது. அந்தச் சத்தத்துக்கும் ஒருதடவை சிரித்தார்.

அடுத்த பாதி அவள் முறை. அய்யா ஒன்றுதான் என்று சொல்லிவிட்டதால் அவரை எடுக்கவில்லை. தான் சாப்பிட்ட தட்டை வெயிலில் வைத்து எடுத்தாள். நண்டு ஓடும் கொடுக்கும் குவிந்து, குழம்பு வழித்த விரல் தடம் பதிந்த எவர்சில்வர் தட்டு.

படம் லேபிலிருந்து வந்தபோது அவளுடைய போனில்தான் பார்த்தோம். இடது பாதியில் அய்யா, வலது பாதியில் தட்டு. என் அய்யாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். பிறகு நான் எதுவும் கேட்காமலேயே, என் தலையில் கை வைத்து, “சத்தியமா ஒருத்தர் கண்ணுல படாதுடி. இது நம்ம அய்யா படம்” என்றாள்.

நம்ம அய்யா என்றாள். அதை நான் மறக்கவே மாட்டேன்.

கொஞ்ச மாதத்தில் அவளுக்கு மதுரையில் வேறு வேலை கிடைத்தது. பெட்டியோடு நெகட்டிவ் பைலும் போனது. பாகம் பிரித்தபடி அது அவளுடையதுதானே. போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஏதோ போட்டோ குழுவில் சேர்ந்திருப்பதாகவும், பெரிய பெரிய ஆட்களெல்லாம் பழக்கமாகியிருப்பதாகவும் சொல்வாள். சந்தோசமாகக் கேட்டுக்கொண்டேன். அவள் உயர்ந்தால் எனக்கென்ன வயிற்றெரிச்சல்?

ஒருநாள் காலையில் ஒரு பெரியவருக்கு முழங்காலை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பாம்பனில் இருக்கிற அத்தை, அய்யாவின் தங்கச்சி. எடுத்ததும் ஓவென்று அழுகை.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேத்தா! கூடப் பொறந்தவளுக்குச் சொல்லாம செவுத்துல ஒட்டிட்டீகளே!”

பஸ்ஸில் ராமநாதபுரம் வந்த அத்தை, பஸ் ஸ்டாண்டு சுவரில் அய்யாவின் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏசுவே, எடுக்கணும், யாராவது எடுக்கணும். எடுத்தவர் அய்யா.

“என்னாத்தா, இந்நேரம் கூப்புடுற? சாப்புட்டியா?”

அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்படியே வேலை உடுப்போடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அங்கே வரிசையாக மூன்று கண்ணீர் அஞ்சலிகள். நான்காவதாக அய்யா. கருப்பு வெள்ளையில், முகம் மட்டுமே ஒரு ஆள் உயரத்துக்கு. அந்தச் சிரிப்பு. மேலே பெரிதாக எழுத்து ஒன்றும் இல்லை. அடியில் எறும்பு சைசில், கடற்கரை வாழ்க்கை பற்றிய புகைப்படக் கண்காட்சி என்றும், அது நடக்கிற மண்டபத்தின் பெயரும். அதற்கும் கீழே, ‘பெயர் அறியாத கடலோடி’. படம் எடுத்தவர் என்று அவளுடைய பெயர்.

பெயர் அறியாத! இவருடைய கையால் நண்டு உடைத்து வாங்கித் தின்றவளுக்கு இவர் பெயர் தெரியாதாம்.

எங்கள் ஊரில் சுவரில் ஒரு வயசானவர் முகம் கருப்பு வெள்ளையில் பெரிதாகத் தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நின்று அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறவர் யார்? ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு, ஐயோ என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். அந்தப் போஸ்டரை ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ஒட்டியிருந்தார்கள். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் ஜன்னல் வழியே பார்த்தேன். பாலம் ஏறுவதற்கு முன்னால் ஒன்று, இறங்கியதும் ஒன்று. ஊரெல்லாம் என் அய்யா செத்துக்கிடந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். மாலையோடு வந்தவர்கள் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அத்தை வேறு, உயிரோடு இருக்கிற அண்ணனைக் கட்டிக்கொண்டு செத்தவருக்கு அழுகிற மாதிரியே அழுதுகொண்டிருந்தார். சிலர் சிரித்தார்கள். “ஆயுசு கெட்டிண்ணே, செத்துப் பொழச்சிட்டீக” என்று ஒருவர் அய்யாவின் தோளைத் தட்டினார். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அய்யா நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ நம்பிக்கை வராமல் சுவரிலிருந்து ஒரு போஸ்டரை உரித்தே கொண்டுவந்திருந்தார்கள். அது அவர் மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அதை ஒரு தடவை விரித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் எடுத்திருக்க” என்றார். பிறகு அதை நாலாக மடித்தார். “செத்த பெறகுன்னுதானத்தா சொன்னேன்.”

“நான் குடுக்கல அய்யா. மாதா சத்தியமா நான் குடுக்கல. அவதான் எனக்குத் தெரியாம…”

“சரித்தா. நீ குடுக்கல.” மடித்த போஸ்டரை முழங்காலில் வைத்து நீவினார். “நான் ஒங்கிட்டதான குடுத்தேன்? அவ கைக்கு எப்படிப் போச்சு?”

பிலிம், லேப், மெயில், பைல், பாகம் பிரித்தது என்று விளக்கத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அது எனக்கே சாக்குப்போக்கு மாதிரிக் கேட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். சண்டை போட்டிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் கண்காட்சி மண்டபத்துக்குப் போனேன். அவள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, பட்டுச்சேலையில் நின்றாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். “வாடி! ஒனக்கு சர்ப்ரைசா இருக்கட்டும்னுதான் சொல்லல. அய்யா பேமஸ் ஆயிட்டாரு பாத்தியா?”

“அத எடுத்தது நான்.”

“ஏய், அந்த ரோல்ல எது யாரு எடுத்ததுன்னு யாருக்கு ஞாபகம்? வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு நாமதான சட்டம் போட்டோம்?” அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் முகம் மாறாததைப் பார்த்த பிறகு சிரிப்பு குறைந்தது. “அன்னைக்கு ஒனக்குக் கை நடுங்குச்சு. சாவி குடுத்து ரெடியாக்கித் தந்தது நான்தானடி.”

“என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணுனியே.”

“பண்ணுனேன். கேட்டா நீ வேணாம்னுதான சொல்லுவ? இப்பேர்ப்பட்ட படத்த அரிசி டப்பாக்குள்ள போட்டு வச்சா யாருக்கு லாபம்? நெதம் எத்தன பேரு அவரு முகத்தப் பாத்துட்டு நிக்கிறாங்க தெரியுமா?”

சுவரைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் அய்யா மட்டும் தனியாக இருந்தார். வலது பாதியைக் காணவில்லை.

“தட்டு எங்க?”

அவளுக்குப் புரியவே இல்லை. “எந்தத் தட்டு?”

“இதோட ஜோடி. நீ எடுத்தது. நீ தின்ன தட்டு.”

“அது எதுக்குடி? வெறும் எச்சித் தட்டு.”

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது ஏதோ நகையைத் திருடுவது, கோள் சொல்வது என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். இப்படி நேராக, ஒரே பிலிமில், உண்ட தட்டும் உண்ட வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, தட்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு வருவாள் என்று எப்படி நினைத்திருப்பேன்? சத்தம் போட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு நெகட்டிவைக் கொடு என்று மட்டும்தான் கேட்டேன். மதுரையில் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றாள். இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

நானும் அண்ணனும் ஒரு வாளித் தண்ணீரும் கொத்துக் கரண்டியும் எடுத்துக்கொண்டு, சுவர் சுவராகப் போய்ப் போஸ்டர்களைச் சுரண்டினோம். பசை நன்றாகப் பிடித்திருந்தது. கன்னம் தனியாக, நெற்றி தனியாக, துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒரு சிரிப்பைச் சுரண்டி எடுப்பது எவ்வளவு கொடுமையான வேலை என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “சொந்தக்காரவுகளா? எப்பத்தா தவறுனாரு?”

“இன்னும் இல்லண்ணே” என்றேன். அவர் கழுவிய கிளாஸையே மறுபடி கழுவத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. அய்யா என்னிடம் பேசினார், சாப்பிட்டியா என்று கேட்டார், கணவாய் மீன் நல்லதாகக் கிடைத்தால் போன் பண்ணி வரச் சொன்னார். ஆனால் நான் வாசலில் நுழைந்ததும் அவர் கண் முதலில் என் தோள்பைக்குத்தான் போகும். “அது உள்ள இருக்காத்தா?” என்று கேட்பார். இல்லை என்று சொன்ன பிறகுதான் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாக உட்காருவார். நான் போனை எடுத்து மணி பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். தெரியாமல் செய்கிற மாதிரிதான் செய்வார். என் மனசு புண்படக் கூடாது என்று பார்ப்பார், அதுதான் எனக்கு மேலும் புண்ணாக இருக்கும்.

கேமராவை நான் விற்கவும் இல்லை, தொடவும் இல்லை. உள்ளே ஒரு ரோல் பாதியில் நிற்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி பீரோவில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய பைபிளுக்குள்ளிருந்து ஒரு படம் நழுவிக் கீழே விழுந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன்.

ஸ்டுடியோவில் எடுத்த படம். பின்னால் நீலத்திரை. அய்யா வெள்ளைச் சட்டையில், கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார், எனக்கு அது பார்த்ததும் தெரியும். இடுப்பு வரைக்கும் விழுந்திருந்த படம் அது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக, ஒரே உயரத்தில் தூக்கி வைத்திருந்தார். விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல உள்பக்கமாக மடங்கியிருந்தன. கையில் ஒன்றும் இல்லை. ஸ்டுடியோக்காரர் அப்படி நிற்கச் சொல்லியிருக்க மாட்டார். யாரும் சொல்லாமலே நின்றிருக்கிறார்.

“எப்ப எடுத்தது மதினி?”

“அந்தப் போஸ்டரு பெரச்சன முடிஞ்ச மறுவாரமே. தனியாப் போயி எடுத்துட்டு வந்தாரு. பெட்டிக்குத் தலமாட்டுல வைக்கன்னு எங்கிட்ட குடுத்து வச்சாரு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொல்ல அவருக்கு வராது.

“ஒங்கிட்ட காட்ட வேணாம்னாரு. ‘அவ கைக்குப் போனா செவுத்துக்குப் போயிரும்’னாரு.”

பின்வாசலில் அய்யா யாருடனோ சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். மதினி படத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பைபிளுக்குள் வைத்து, பீரோவைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சாப்பிட வா என்றார்.